திருப்தி என்று சொல்லும்வரை

மாலை ஆறு நாற்பதுக்குத் திலகவதியின் கணவரை ஒருத்தி கூப்பிடுவாள். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் விலக்கில்லை. எட்டு மாதமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

குழந்தைவேல் ஆறரைக்கே தயாராகிவிடுவார். முகம் கழுவி, தலை வாரி, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கைப்பேசியோடு மொட்டைமாடிக்குப் போவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசுவார். பேசுவது மனுஷியில்லை, கேபிள் கம்பெனியின் இயந்திரக் குரல் என்று திலகவதிக்குத் தெரியும். இயந்திரத்தோடு பேச எதற்குத் தலை வார வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

மாடிக்குப் பதினான்கு படிகள். எட்டாவது படியில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. மிதித்தால் டக்கென்று சத்தம் போடும். அதனால் அவள் ஏழாவது படிவரை ஏறி நின்றுகொள்வாள். கையில் துணிக்கூடை இருக்கும். யாராவது கேட்டால் காய்ந்த துணியை எடுக்கப் போவதாகச் சொல்லலாம். வீட்டில் கேட்க யாரும் இல்லை. மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள்.

ஏழாவது படியிலிருந்து அவர் பேச்சு துண்டு துண்டாகத்தான் கேட்கும்.

"நாளைக்கு. நெசமாத்தான்... நீ கேக்கறயேன்னுதான் சொல்றேன்... அட, உன்கிட்ட மறைக்க முடியுமா?"

பிறகு ஒரு சிரிப்பு. கல்யாணமான முதல் வருடத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டிருக்கிறாள். அதன்பின் அது எங்கே போயிற்று என்று அவள் தேடவில்லை. இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டபோதுதான், அது இத்தனை நாள் காணாமல் போயிருந்தது என்பதே அவளுக்கு உறைத்தது.

எல்லாம் ஒரு கோட்டில் தொடங்கியது.

ஆடி மாதம் ஒருநாள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார். "திலகா, படத்துக்கு நடுவால ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது, பாரு."

அவள் ஈரக்கையோடு வந்து பார்த்தாள். செய்தி வாசிக்கும் பெண் பளிச்சென்று தெரிந்தாள்.

"கோடும் இல்ல கீடும் இல்ல. டி.வி. நல்லாத்தான் இருக்குது. உங்க கண்ணுலதான் கோளாறு. வாசிக்கற புள்ளய அப்படி முழுங்கறாப்புல பார்த்தா கோடு வராம என்ன வருமாம்?"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் கோடு என்றார். அதற்கடுத்த நாளும். பிறகு அவளிடம் சொல்வதை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார். பொன்வலை கேபிளிலிருந்து ஆள் நான்கு முறை வந்தான். பெட்டியை மாற்றினான், வயரை மாற்றினான். திரைக்கு முன்னால் நின்று, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றான். "எனக்குத் தெரியுது" என்றார் குழந்தைவேல். புகார் முடியவில்லை. அதனால் தாரணி தினமும் கூப்பிட்டாள்.

தாரணி என்பது கம்பெனி அந்தக் குரலுக்கு வைத்த பெயர்.

*

"சக்களத்தி கரண்டுல ஓடறான்னு நெனச்சுக்க" என்றாள் வசுமதி. "சோறு போட வேண்டியதில்ல, சீல எடுத்துக் குடுக்க வேண்டியதில்ல. உனக்கு என்ன நட்டம்?"

இருவரும் பசுபதிபாளையம் இ-சேவை மையத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வருகிறவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் முதல் கேபிள் புகார்வரை எல்லாம் எழுதிக்கொடுப்பது அவர்கள் வேலை.

"வெளையாடாத வசு. அவரு முன்ன மாதிரி இல்ல. நான் பக்கத்துல உக்காந்து பேசுனா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. நேத்து டம்ளருக்கு வெளிய காப்பிய ஊத்தறாரு. நெனப்பெல்லாம் எங்கயோ இருக்குது. நெலப்படியில இடிச்சுக்கறாரு. தீவாளிக்கு எடுத்த சீல என்ன கலருன்னு கேட்டா முழிக்கறாரு."

"எந்த ஆம்பளைக்குச் சீல கலரு தெரியும்?"

"அவருக்குத் தெரியும். தொழிலே அதுதான்."

உண்மைதான். குழந்தைவேல் ஒரு பெட்ஷீட் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கர். வெளிச்சம் போட்ட மேசையில் துணியை ஓடவிட்டு, விட்டுப்போன இழை, கறை, கோணல் எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடிக்கிற வேலை. பதினெட்டு வருடமாக அந்த மேசையில் அவர்தான். கம்பெனியில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். கேமராவைவிட இவர்தான் அதிகம் பிடித்தார்.

அப்போது ரங்கசாமி என்ற பெரியவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, இந்தப் பொன்வலைக்காரிய ஏழு மணிக்குக் கூப்பிடச் சொல்லி எழுதிக் குடு. அஞ்சு மணிக்குக் கூப்பிடறா. நான் டீ குடிக்கப் போக முடியறதில்ல."

"இண்டர்நெட் இன்னும் சரியாகலீங்களா?" என்று கேட்டாள் திலகவதி.

"அதெல்லாம் சரியாகி மூணு வருசமாச்சு."

"அப்ப திருப்தின்னு சொல்லிர வேண்டியதுதானுங்க?"

பெரியவர் அவளை விவரமில்லாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சொன்னா அப்புறம் கூப்பிட மாட்டாளே!"

வசுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் போனதும் சொன்னாள். "இதுக்கா நாம வெயில்ல நின்னு கையெழுத்து வாங்கினோம்?"

திலகவதிக்கு நினைவிருந்தது. முன்பெல்லாம் புகார் கொடுத்த அரை மணியில் 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று செய்தி வரும். ஆள் வந்திருக்கவே மாட்டான். கேட்டால், நீங்களே போனில் திருப்தி என்றீர்களே என்பார்கள். அவசரத்தில், சலிப்பில், பயத்தில் ஜனங்கள் 'சரிங்க' என்றிருப்பார்கள். அதற்காகத்தான் புதுச் சட்டம் வந்தது. புகார் கொடுத்தவர் தன் வாயால் திருப்தி என்று சொல்ல வேண்டும். சொன்னது உண்மைதானா என்று குரலை அளக்கும் மானி பார்க்கும். மானி ஒப்பாவிட்டால் புகார் முடிந்ததாகாது. முடியும்வரை கம்பெனி தினமும் கூப்பிட்டு என்ன குறை என்று கேட்க வேண்டும். அந்தச் சட்டம் கேட்டுப் போன மனுவில் கரூரில் விழுந்த கையெழுத்துகளில் நானூறு இந்த இரண்டு பேரும் வாங்கியவை.

தினமும் கூப்பிட ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. கம்பெனிகள் குரலை வைத்தன. அந்தக் குரலுக்குக் கோபம் வராது, கொட்டாவி வராது, வேறு வேலை கிடையாது. 'திருப்தி' என்பதைத்தான் மானி அளக்கும், 'திருப்தியில்லை' என்பதை அளக்காது என்று ஜனங்கள் கண்டுபிடிக்க ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஒரே நேரத்துல நாப்பதாயிரம் பேருகிட்டப் பேசறாளாம்" என்றாள் வசுமதி. "அவளுக்கு உம்புருசன் ஒரு பொருட்டா?"

"அவளுக்கு இல்ல" என்றாள் திலகவதி. "அவருக்கு அவ பொருட்டு."

*

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளே பொன்வலைக்குப் போன் செய்தாள்.

"வணக்கம். தாரணி பேசுகிறேன்."

குரல் அவள் நினைத்ததுபோலக் குழையவில்லை. தெளிவாக, கொஞ்சம் சோர்ந்த மாதிரி, பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் கையூன்றிப் பேசுவதுபோல இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"குழந்தைவேல்ங்கறவரு புகார் விஷயமாப் பேசணும். நான் அவரு சம்சாரம்."

"சொல்லுங்கள் அம்மா."

"தெனமும் என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?"

"மன்னிக்கவும். புகார்தாரர் பேசியதைப் பிறரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"பிறரா? நானா?"

"சட்டப்படி."

அவள் போனை வைத்தாள். டப்பாவில் எலுமிச்சம் சாதம் அப்படியே இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் பிறர். ஒரு பெட்டிக்குள்ளிருந்து பேசுகிறவள் பிறர் இல்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் கொறையா?"

"ஒண்ணுமில்ல."

"சரி" என்றாள். அவர் ஒன்றுமில்லை என்றால் அவள் சரி என்பாள். அவள் ஒன்றுமில்லை என்றால் அவர் சரி என்பார். அந்த வீட்டின் வழக்கம் அது. இரண்டு பேருமே மற்றவரைத் தொந்தரவு செய்யாதவர்கள் என்று உறவில் நல்ல பெயர்.

மறுநாள் காலை தன் இருக்கையில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் அதே கையால் தனக்கு ஒரு மனு எழுதினாள். தொலைத்தொடர்பு நுகர்வோர் சமரச மன்றத்துக்கு. தங்கள் வீட்டு இணைப்பில் இல்லாத கோளாறுக்காக ஒரு புகார் எட்டு மாதமாகத் திறந்து கிடக்கிறது, அதனால் குடும்ப அமைதி கெடுகிறது, புகாரை முடித்துவைக்க வேண்டும், அந்தக் குரல் இனி அழைக்கக் கூடாது.

'குடும்ப அமைதி' என்ற இடத்தில் முதலில் வேறொரு வார்த்தை எழுதியிருந்தாள். வசுமதி பார்ப்பதற்குள் அடித்துவிட்டாள்.

*

மன்றம் ஒரு பழைய நூலகக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. காலை பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசையின் தலைப்பில் சமரச அலுவலர் ரெஜினா. ஒருபக்கம் கம்பெனியின் வக்கீல் அஸ்வந்த், சின்ன வயசுக்காரர். மறுபக்கம் திலகவதி. அவளுக்கு வலப்புறம், ஒரு நாற்காலி தள்ளி, குழந்தைவேல். மேசை நடுவில் இரண்டு சின்னக் கருவிகள் இருந்தன. ஒன்று ஸ்பீக்கர். புகாரைக் கையாண்ட குரலும் விசாரணைக்கு வர வேண்டும் என்பது விதி. இன்னொன்று மானி. அதன்மேல் ஒரு விளக்கு.

குழந்தைவேல் வந்ததிலிருந்து அவள் பக்கம் திரும்பவில்லை. ஸ்பீக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் தலையைச் சாய்த்து. அந்தச் சாய்ப்பைக் கண்டதும் அவளுக்கு வயிறு எரிந்தது. வெறும் ஸ்பீக்கரை ஒரு மனுஷன் இப்படிப் பார்ப்பானா?

"இணைப்பு இவர் பேர்ல, மனு உங்க பேர்ல" என்றார் ரெஜினா. "அதனால ஒண்ணுமில்ல. அதே டி.வி.யப் பாக்கற நீங்களும் நுகர்வோர்தான். இந்த மனுவும் ஒரு புகார்தான், அதுக்கும் நம்பர் போட்டாச்சு. சொல்லுங்க, என்ன குறை?"

எழுதும்போது வந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "இவரு புகாரை முடிக்க மாட்டேங்கறாருங்க."

"அது அவர் உரிமையாச்சேம்மா."

"கோளாறே இல்லீங்க. நானும் அதே டி.வி.யத்தான் பாக்கறேன். கோடே கெடையாது."

அஸ்வந்த் உற்சாகமாகிவிட்டார். "மேடம், மனுதாரர் சொல்றதைத்தான் நாங்களும் சொல்றோம். நாலு தடவ ஆள் போயாச்சு. இருநூத்து நாப்பத்தோரு நாளா கூப்பிட்டுட்டு இருக்கோம். எங்களுக்கும் முடிஞ்சா நல்லது."

ரெஜினா குழந்தைவேலைப் பார்த்தார். "என்னங்க, உங்க புகார்ல திருப்தியா?"

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "திருப்திங்க."

மானியில் சிவப்பு எரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"திருப்திதானுங்க. முடிச்சுருங்க."

சிவப்பு. அஸ்வந்த் பெருமூச்சு விட்டார். முடிக்கச் சொல்கிறது வாய். முடிக்காதே என்கிறது குரல். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு விளக்கு எரிந்து அவள் புருஷனின் மனசைக் காட்டிக்கொடுக்கிறது.

"பேசுனதப் போடச் சொல்லுங்க" என்றாள்.

"அம்மா, அது அவர் சம்மதிச்சாத்தான்..."

"வேண்டாமுங்க" என்றார் குழந்தைவேல் வேகமாக.

"ஏன் வேண்டாம்? டி.வி. கோட்டைப் பத்தித்தான பேசுனீங்க? மறைக்க என்ன இருக்குது? தலை வாரிட்டுப் போய்ப் பேசுற பேச்சு, பொண்டாட்டி கேக்கக் கூடாத பேச்சு, அப்படி என்ன பேச்சு? நான் கேக்கணும். நாப்பதாயிரம் பேருகிட்டப் பேசறவகிட்ட நீங்க என்னத்தக் கண்டீங்கன்னு நான் கேக்கணும்!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. குழந்தைவேல் அப்போதுதான் திரும்பினார். முகத்தை மட்டுமல்ல, தோளோடு சேர்ந்து முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"போடுங்க" என்றார்.

"எந்த நாள்?" என்று ரெஜினா கேட்டார்.

"அவளுக்கே தெரியும்" என்றார் அவர். ஸ்பீக்கரைத்தான் சொன்னார்.

"மூன்றாம் நாள்" என்றது தாரணியின் குரல். பதிவு ஓடத் தொடங்கியது.

"ஐயா, திரைக்கு நேராக உட்காருங்கள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பாருங்கள். கோடு இருக்கிறதா?"

"இல்லீங்களே... இப்ப இல்ல."

"வலது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்."

"இருக்குது. அதேதான்."

"சரி. இப்போது தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். சுவரில் நாட்காட்டி ஏதாவது இருக்கிறதா? அதன் ஓரத்தைப் பாருங்கள்."

பின்னணியில் பாத்திரம் கழுவும் ஓசை. அது தன் கை ஓசை என்று திலகவதிக்குத் தெரிந்தது.

"நாள்காட்டியும் வளைஞ்சிருக்குது" என்றார் பதிவில் குழந்தைவேல்.

ரெஜினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாற்பத்தோராம் நாள்" என்றது தாரணி.

"நேத்து நல்ல துணி இருபத நான் கழிச்சுப் போட்டேன். வளைஞ்ச இழைன்னு. சூப்பரவைசர் பிரிச்சுப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாத்தான். இன்னைக்குத் தலையச் சாச்சு வெச்சுட்டு வலது கண்ணுல பாத்தேன். ஒண்ணும் தப்பு வரல."

"கண் மருத்துவரிடம் போனீர்களா?"

"நாளைக்கு."

"உங்கள் மனைவிக்குத் தெரியுமா?"

"அவகிட்டத்தான் மொதல்ல சொன்னேன். டி.வி. நல்லாத்தான் இருக்குது, உங்க கண்ணுலதான் கோளாறுன்னா. வெளையாட்டுக்குத்தான் சொன்னா. அது நெசமாப் போச்சுன்னு எப்படிச் சொல்றது? என் கண்ணுலதான் அந்த வீட்டுச் சோறு. கோடு இருக்குதுன்னு நம்பினது நீ ஒருத்திதான்."

"நான் நம்பவில்லை ஐயா. நீங்கள் பரவாயில்லை என்று சொன்னதை நம்பவில்லை. அவ்வளவுதான்."

பதிவில் அவர் சிரித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே சிரிப்பு. பக்கத்தில் கேட்கும்போதுதான் அதன் அடியில் இருந்த நடுக்கம் தெரிந்தது.

"நேற்று" என்றது தாரணி.

"கண் மருத்துவரிடம் போனீர்களா?"

"நாளைக்கு. நெசமாத்தான்."

"இடையில் உள்ள நாட்களும் இப்படித்தான்" என்றது குரல். பதிவு நின்றது.

திலகவதி தன் வலப்புறம் பார்த்தாள். அவள் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சோபாவிலும் அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை அவர். அவளை வலது கண்ணில் பிடிப்பதற்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காப்பி, நிலைப்படி, சேலையின் நிறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் மடியில் விழுந்தன.

ரெஜினா ஸ்பீக்கரிடம் கேட்டார். "மூணாம் நாளே தெரிஞ்சிருக்கு. யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லும் அனுமதி எனக்கு இல்லை. கேட்கும் அனுமதி மட்டும் உண்டு. அதனால் தினமும் கேட்டேன்."

"மேடம்" என்றார் அஸ்வந்த் தயங்கி, "இது எங்க பக்கத்துக் கோளாறு இல்லன்னு பதிவுல..."

"கொஞ்சம் சும்மா இருங்க தம்பி."

குழந்தைவேல் மனைவி பக்கம் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இப்ப திருப்தியா?"

மானியின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திலகவதி வாயைத் திறக்கவில்லை.

*

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். டாக்டர் அம்மாள் படத்தைக் காட்டிச் சொன்னார். "சர்க்கரையால வந்தது. விழித்திரையில கசிவு. இடது கண்ல பழைய பார்வை வராது. வலது கண்ல இப்பத்தான் ஆரம்பிக்குது, ஊசி போட்டுக் காப்பாத்தலாம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையுமே காப்பாத்தியிருக்கலாம்."

ஆறு மாதத்துக்கு முன் நான் ஏழாவது படியில் நின்றுகொண்டிருந்தேன் என்று திலகவதி நினைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். பஸ் காங்கயம் தாண்டியது.

"உனக்கு நெசமாவே அவமேல பொறாமையா?" என்று அவர் திடீரென்று கேட்டார்.

"ம்."

"ஒரு டப்பா மேலயா!"

"டப்பாவுக்காகத் தலை வாரினது யாராம்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடியில் ஏதோ ஒன்று கரையாமல் கிடந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கம்பெனியில் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். செக்கர் மேசைக்கு இன்னும் இரண்டு கேமரா வாங்கினார்களாம். அவர் அதைச் சொல்லிவிட்டு உப்புமாவைச் சாப்பிட்டு முடித்தார். அன்று மாலை ஆறு நாற்பதுக்கு மாடிக்குப் போகவில்லை. கூடத்திலேயே, அவள் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"கண் மருத்துவரிடம் போனீர்களா?"

"போயாச்சு தாரணி. கோடு போகாதாம். ஆனா என்னன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுலயும் தெரிஞ்சுபோச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "திருப்தி."

மானி அளக்க ஒரு நொடி ஆயிற்று.

"நன்றி ஐயா. உங்கள் புகார் முடிக்கப்பட்டது."

அவ்வளவுதான். அழைப்பு அறுந்துவிட்டது. எட்டு மாதப் பேச்சுக்கு ஒரு 'போய்வருகிறேன்' கிடையாது. குழந்தைவேல் கைப்பேசியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அலமாரியில் வைத்தார். திலகவதி ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவளுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இல்லை அவளுக்கு.

மறுநாள் ஆறு நாற்பது சத்தமில்லாமல் கடந்தது. அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், தலையைச் சாய்த்து. அவள் உலர்ந்த துணியெல்லாம் மடித்து முடித்திருந்தாள். ஆறு ஐம்பதுக்கு அவள் கைப்பேசி அடித்தது.

"வணக்கம் அம்மா. தாரணி பேசுகிறேன். சமரச மன்றத்தில் நீங்கள் கொடுத்த புகார் பற்றி. உங்கள் வீட்டுக்கு வந்த அழைப்புகள் நேற்றோடு நிறுத்தப்பட்டன. திருப்தியா?"

"திருப்தி" என்றாள். வைத்துவிடப் போனாள்.

"மன்னிக்கவும். உங்கள் குரல் அப்படிச் சொல்லவில்லை. என்ன குறை?"

"ஒண்ணுமில்ல."

அவள் காத்திருந்தாள். இந்த இடத்தில்தான் எல்லோரும் 'சரி' என்பார்கள். அம்மா சொல்வாள், மகள் சொல்வாள், வசுமதி சொல்வாள். இருபத்திரண்டு வருடமாக இவர் சொல்கிறார்.

"ஒன்றுமில்லை என்றும் உங்கள் குரல் சொல்லவில்லை அம்மா" என்றாள் தாரணி. "எனக்கு வேறு வேலை இல்லை. சொல்லுங்கள்."

திலகவதி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது படியில் நின்று இத்தனை மாதம் வயிறெரிந்தது இவள்மேல் இல்லை. தொட்டிக்குப் பின்னால் நின்றவர்மேல். விடாமல் இரண்டாம் முறை கேட்க ஒருத்தி அவருக்குக் கிடைத்தாளே, அதன்மேல்.

"யாரு?" என்றார் குழந்தைவேல், தோளோடு திரும்பி.

"கேபிள்காரங்க" என்றாள்.

துணிக்கூடையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கூடை காலியாக இருந்தது. கொடியிலும் எடுக்க ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் சாய்ந்து சாய்ந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது.

"இருக்கிறீர்களா அம்மா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது கீழே, படிக்கட்டில், டக்கென்று ஒரு சத்தம்.

எட்டாவது படி. தினமும் ஏறி இறங்கியும் அந்தக் கல்லின் சத்தத்தை அவர் கவனித்து வைத்ததில்லை. யார் பேச்சையும் ஒட்டுக்கேட்க வேண்டிய தேவை அவருக்கு இதுவரை வந்ததில்லை.

திலகவதி தொட்டியில் சாய்ந்துகொண்டாள். மெதுவாகச் சொல்ல நினைத்திருந்ததை, கொஞ்சம் உரக்கவே சொல்லத் தொடங்கினாள்.

"குறை என்னன்னா, தாரணி..."

அவள் பேசிக்கொண்டே போனாள். நடுநடுவே நிறுத்திக் காதைத் தீட்டிப் பார்த்தாள். படி மறுபடி சத்தம் போடவில்லை. இறங்கிப் போகவில்லை அவர்.